மலைக்குப் பின்னால் இருக்கும் லயத்துக்கு சிக்னல் எப்படி வரும்?

மலையகம் என்றதும் நமக்கு ஹட்டனும் நுவரெலியாவும் பதுளையும்தான் நினைவுக்கு வருகின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுப்பிட்டிய, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்று சிங்களக் கிராமங்களுக்கு இடையில் துண்டு துண்டாகக் கிடக்கும் தேயிலை, இறப்பர் தோட்டங்கள் அவை. வன்னியிலிருந்து இதை வாசிப்பவர்களில் பலருக்கு இந்த ஊர்ப் பெயர்கள் புதியவை அல்ல. 1977 ஆகஸ்ட் வன்முறைக்குப் பிறகு அங்கிருந்து உடுத்த துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். பிறகு வந்த போர் அதே குடும்பங்களை இன்னும் பல தடவை இடம்பெயர வைத்தது. எனது அம்மாவின் குடும்பமும் அப்படி வந்ததுதான். அம்மாவின் தம்பி ஒருவர் மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டார்.

அந்த மாமாவுக்கு நாங்கள் கோல் எடுத்தால் பத்தில் எட்டுத் தடவை கிடைக்காது. அவர்தான் எடுக்க வேண்டும். அதற்கு லயத்திலிருந்து ஏறி கோயிலடி மேட்டுக்கு வர வேண்டும். "மழை நாள்ல மேட்டுக்கு ஏற ஏலாது மருமகனே, அன்னைக்கு நீங்க நியூஸ்ல பாத்துக்குங்க" என்பார். மழை நாளில்தான் எங்களுக்கு அவரது குரல் தேவைப்படுகிறது என்பது அவருக்கும் தெரியும்.

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்ததை எல்லோரும் அறிவோம். அதே நாள் புளத்கொஹுப்பிட்டியவில் களுப்பான தோட்டத்திலும் மண் சரிந்து லயத்தில் இருந்தவர்களை மூடியது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரியும் களுத்துறையும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் மூழ்கின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து எச்சரிக்கை விடுக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் ஆயத்தமாகு, 150 என்றால் வெளியேறு. இந்த அறிவித்தல்கள் இன்று அதிகமாகக் கைத்தொலைபேசி வழியாகவே பரவுகின்றன. மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் என்ற லயத்துக்கு, 'மேட்டுப் பக்கம் போகாதே' என்ற செய்தி எப்படிப் போய்ச் சேரும்?

நான் இலத்திரனியல் படித்து அதையே படிப்பிப்பவன். சில வருடங்களாக 'ஆர்ஐஎஸ்' என்ற மூன்றெழுத்து எங்கள் துறையில் அதிகம் அடிபடுகிறது. வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய தெறிப்புப் பரப்பு என்று தமிழில் சொல்லலாம். தன்னிடமிருந்து எந்த சிக்னலையும் உருவாக்காமல், வரும் சிக்னலை நாம் விரும்பும் பக்கம் திருப்பி விடும் ஒரு பலகை அது. மாமாவின் லயத்தை நினைத்துக்கொண்டுதான் அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அது என்ன, அங்கே உதவுமா, எந்த அளவுக்கு உதவும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். வன்னி தட்டையான பூமி. கோபுரம் ஐந்து கிலோமீற்றர் தள்ளி நின்றாலும் பனைகளுக்கு மேலால் அலை வந்துவிடும். சப்ரகமுவவில் கோபுரம் இரண்டு கிலோமீற்றரில் நிற்கும், இடையில் ஒரு மலைமுகடு இருக்கும். லயங்களைக் கட்டிய காலத்தில் தோட்டத்துரைமார் பார்த்தது தண்ணீர்ப் பீலியையும் தொழிற்சாலைக்கான தூரத்தையும். நல்ல மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம். வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகின்றவை. முகட்டின் விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும். இதைப் பாடப்புத்தகம் கோணல் என்று சொல்லும். ஆனால் அப்படி இறங்குவது மிகச் சொற்பம்.

எவ்வளவு சொற்பம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோபுரத்துக்கு 2 கிலோமீற்றர் தூரத்தில் முகடு, அதற்கு அப்பால் 300 மீற்றரில் லயம், பார்வைக்கோட்டை மறைத்து 50 மீற்றர் உயரத்துக்கு மலை. 1800 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில், மலை இல்லாதிருந்தால் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் லயத்துக்கு இறங்குகிறது. 900 மெகாஹேர்ட்ஸ் என்றால் நிலைமை இரு மடங்கு நல்லது, ஏனென்றால் நீண்ட அலை கூடுதலாக வளையும். பழைய 'பட்டன்' ஃபோனில் எப்படியோ கோல் கிடைத்த இடத்தில் ஸ்மார்ட் ஃபோனில் வீடியோ ஓடாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். இதற்கு மேல் இறப்பர் மரங்களின் இலைகளும் அலையை உறிஞ்சும். ஆண்டின் தொடக்கத்தில் இறப்பர் இலையுதிர்க்கும் வாரங்களில் சிக்னல் கொஞ்சம் தெளிகிறது என்று தோட்டத்தில் யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், அது பௌதிகவியலுக்கு ஒத்த பேச்சு.

மலையைக் குடைய முடியாது. எதிர்ப்பக்கத்தில் ஒரு கண்ணாடி வைக்கலாம்.

நோர்வேயில் இருக்கும் எம்மவர்களுக்கு றியுக்கான் என்ற ஊரைத் தெரிந்திருக்கும். ஆழமான பள்ளத்தாக்கு. செப்டெம்பர் முதல் மார்ச் வரை ஊருக்குள் வெயில் விழாது. 2013இல் ஊருக்கு மேலே 450 மீற்றர் உயரத்தில் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நாட்டினார்கள். ஒவ்வொன்றும் 17 சதுர மீற்றர். சூரியன் நகர நகர கணினி அவற்றைத் திருப்புகிறது. வெயில் எப்போதும் ஊரின் சதுக்கத்திலேயே விழுகிறது. வானொலி அலைக்கும் இதே வேலையை முன்பே செய்திருக்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்காவின் மேற்கு மலைகளில், விளம்பரப் பலகை போன்ற பெரிய உலோகத் தகடுகளை முகடுகளில் நிறுத்தி நுண்ணலைத் தொலைபேசி இணைப்புகளைப் பள்ளத்தாக்குகளுக்குத் திருப்பினார்கள். மின்சாரமும் பராமரிப்பும் இல்லாமல் பல பத்தாண்டுகள் அவை நின்று வேலை செய்தன.

தகடு ஒரு பக்கம்தான் பார்க்கும். வந்த கோணம் எதுவோ, தெறிக்கும் கோணமும் அதுவே. மேல் லயத்துக்கென்று திருப்பி வைத்தால் கீழ் லயத்துக்குக் கிடைக்காது. பத்து மீற்றர் அகலத் தகட்டை மழையிலும் காற்றிலும் மோட்டார் வைத்துத் திருப்புவது நடைமுறைக்கு ஒத்து வராது. தகட்டை அசைக்காமல் கதிரை மட்டும் அசைக்க முடியுமா என்ற கேள்விக்கு வந்த விடைதான் ஆர்ஐஎஸ்.

அது எப்படி என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் உதாரணம் தப்பு. விடியற்காலையில் பிரட்டுத் தப்புச் சத்தம் கேட்டு வேலைக்குக் கிளம்பிய காலம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முகட்டில் ஒரே வரிசையில், ஒருவருக்கொருவர் 34 மீற்றர் இடைவெளியில், பத்துப் பேர் தப்போடு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஓர் அடி அடித்தால், நேர் முன்னால் வெகு தூரத்தில் நிற்பவருக்கு அது ஒரே பெரிய அடியாகக் கேட்கும். வரிசையின் தொங்கலில், அதே கோட்டில் நிற்பவருக்கு அப்படிக் கேட்காது. பக்கத்தில் நிற்பவரின் அடி முதலில் வரும், அடுத்தவருடையது பத்தில் ஒரு செக்கன் பிந்தி வரும், அதற்கடுத்தது இன்னும் பிந்தி. தடதடவென்று சிதறிய சத்தம்தான். இப்போது தூரத்தில் நிற்பவர் முதலில் அடிக்கட்டும், அடுத்தவர் பத்தில் ஒரு செக்கன் கழித்து அடிக்கட்டும், இப்படியே வரட்டும். தொங்கலில் நிற்பவருக்கு பத்து அடியும் ஒன்றாக வந்து விழும். முன்னால் நிற்பவருக்குச் சிதறிவிடும். தப்படிப்பவர் எவரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, சத்தம் போகும் திசை மாறிவிட்டது. யார் எவ்வளவு பிந்த வேண்டும் என்ற கணக்குத்தான் கதிரைத் திருப்புகிறது.

ஆர்ஐஎஸ் பலகையில் தப்படிப்பவர்களுக்குப் பதிலாகச் சிறு உலோகச் சதுரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அலைநீளத்தில் பாதி அளவு. 1800 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 16.7 சென்ரிமீற்றர், எனவே ஒரு சதுரம் 8.3 சென்ரிமீற்றர். நாற்பதுக்கு நாற்பது வைத்தால் 1600 சதுரங்கள், பலகை 3.3 மீற்றர் அகலமும் அதே உயரமும். லயத்து இஸ்தோப்புக்கு மேலே போடும் தகரக் கூரையில் ஒரு துண்டளவு. ஒவ்வொரு சதுரத்துக்கும் பின்னால் ஒரு சிறிய டயோட் இருக்கும். அதற்கு மின்னழுத்தம் கொடுத்தால் தெறிக்கும் அலை சற்றே பிந்தும், கொடுக்காவிட்டால் பிந்தாது. இந்தப் பிந்தலை அவத்தை வித்தியாசம் என்போம். மலிவான பலகையில் இரண்டே நிலைதான் இருக்கும்: 'இப்போது', அல்லது 'அரை அலை பிந்தி'. இவ்வளவு முரட்டுத்தனமான கட்டுப்பாட்டிலும் உச்சச் சக்தியில் 40 வீதம் கிடைத்துவிடுகிறது. எனக்கு முதலில் நம்ப முடியவில்லை, கணக்குச் செய்து பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

சேர்ந்து அடிப்பதன் இலாபமும் இங்கே பெரிது. பத்துப் பேர் கண்டபடி அடித்தால் சராசரியாகப் பத்து மடங்கு சக்தி. ஒத்துப்போய் அடித்தால் வீச்சம் பத்து மடங்காகும், சக்தி வீச்சத்தின் வர்க்கம் என்பதால் நூறு மடங்கு. சதுரங்களின் எண்ணிக்கையை 400இலிருந்து 1600 ஆக்கினால், அதாவது நான்கு மடங்கு கூட்டினால், லயத்துக்கு வரும் சக்தி பதினாறு மடங்காகும்.

இனி மாமாவின் பள்ளத்துக்கு வருவோம். லயத்துக்கு எதிரே உள்ள மலைச்சரிவில், முகட்டுக்கு மேலால் கோபுரம் தெரியும் ஓர் உயரத்தில், இந்தப் பலகையை வைத்ததாக நினைப்போம். கோபுரத்திலிருந்து 2 கிலோமீற்றர், லயத்துக்கு 300 மீற்றர். எந்த இழப்பும் இல்லாத சிறந்த நிலையில், மலையே இல்லாதிருந்தால் கிடைக்கும் சக்தியில் பதினாறில் ஒரு பங்கு லயத்துக்குக் கிடைக்கும். இரண்டு நிலை டயோட்டால் வரும் இழப்பையும், அலை சாய்வாக விழுவதால் பலகையின் பாதிப் பரப்பே பயன்படுவதையும் கழித்தால் 160இல் ஒரு பங்கு. மலையைத் தாண்டி வளைந்து வருவது இரண்டாயிரத்தில் ஒன்று என்பதோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு மடங்கு கூடுதல். 'நோ சேர்விஸ்' காட்டிய இடத்தில் கோல் எடுக்கலாம், வட்ஸ்அப்பில் குரல் செய்தி போகும்.

பலகையை 300 மீற்றரில் வைக்க இடம் கிடைக்காமல் 1500 மீற்றரில் வைத்தால் என்ன ஆகும்? தூரம் ஐந்து மடங்கு, சக்தி இருபத்தைந்தில் ஒன்று. செய்த வேலை வீண். இந்தப் பலகையின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். கோபுரத்திலிருந்து பலகைக்கு ஒரு தடவையும், பலகையிலிருந்து ஃபோனுக்கு இன்னொரு தடவையுமாக அலை இரண்டு தடவை தேய்கிறது. இரண்டு தேய்வும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. அதனால் பலகை கோபுரத்துக்கு அருகில் இருக்க வேண்டும், அல்லது வீடுகளுக்கு அருகில் இருக்க வேண்டும். நடுவில் வைப்பதுதான் மிக மோசம். விளம்பரப் படங்களில் ஒரே பலகை முழு நகரத்துக்கும் ஒளி வீசுவது போலக் காட்டுவார்கள். நம்ப வேண்டாம்.

இனிக் கதிரைத் திருப்பும் வேலை. 3.3 மீற்றர் பலகையிலிருந்து கிளம்பும் கதிர் மூன்று பாகை அகலம் உள்ளது. 300 மீற்றர் போனதும் அது ஏறத்தாழ 15 மீற்றராக விரியும். பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தில் பாதியைக்கூட அது மூடாது. முதல் வீட்டில் பிள்ளை பாடம் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசி வீடு இருட்டில் இருக்கும். ஆகவே கதிர் ஓயாமல் வீடு வீடாகத் தாவ வேண்டும். ஒரு செக்கனுக்குள் பல தடவை தாவுவது டயோட்டுக்குச் சிரமமான வேலை அல்ல. எந்த வீட்டுக்கு எந்தச் சதுரங்கள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் சிரமம்.

1600 சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. மொத்தச் சேர்க்கைகளை எழுதினால் 482 இலக்கங்கள் உள்ள எண் வரும். ஒவ்வொன்றாக முயன்று பார்க்கப் பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. போதாக்குறைக்குப் பலகைக்குக் காது கிடையாது. அலை எந்த அவத்தையில் வந்து விழுகிறது என்று அதற்குத் தெரியாது. காது வைத்தால் விலையும் மின்செலவும் ஏறிவிடும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த விடையைக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் எம்ஐரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெங்கட் அருணும் ஹரி பாலகிருஷ்ணனும். பாலகிருஷ்ணன் சென்னை ஐஐரியில் படித்தவர். 2020இல் அவர்கள் வெளியிட்ட 'ஆர்ஃபோகஸ்' என்ற ஆய்வில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மலிவான சிறு அன்ரனாக்களைச் சுவரில் ஒட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒன்று அலையைத் தெறிக்கவிடும், இல்லாவிட்டால் ஊடுருவ விடும். அவர்களது முறையைத் தப்பு மொழியில் சொல்கிறேன். நூறு பேர் தப்போடு நிற்கிறார்கள். கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் காசைச் சுண்டி, தலை விழுந்தால் அடிக்கிறார், பூ விழுந்தால் சும்மா நிற்கிறார். கேட்பவர் தூரத்திலிருந்து 'இந்தத் தடவை கூட', 'இந்தத் தடவை குறைவு' என்று மட்டும் சொல்கிறார். நிறையச் சுற்று முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் கணக்கைப் பார்க்கிறார்: நான் அடித்த சுற்றுகளில் சத்தம் சராசரியாகக் கூடியதா, நான் சும்மா நின்ற சுற்றுகளில் கூடியதா? கூடிய பக்கத்துக்குத் தன் வாக்கைப் போடுகிறார். அவ்வளவுதான். ஒரு தனி அடியின் தாக்கத்தைக் காதால் பிரித்தறிய முடியாவிட்டாலும் கூட்டுக் கணக்கில் அது வெளிப்பட்டுவிடுகிறது. அவர்களது அலுவலகக் கட்டடத்தின் ஒரு மாடியில் சிக்னலின் இடைநிலை அளவு 9.5 மடங்கு கூடியது, தரவு கொள்ளளவு இரு மடங்கானது. ஃபோனுக்கு இதற்காக எந்தப் புதிய உறுப்பும் தேவைப்படவில்லை. எல்லா ஃபோனும் ஏற்கெனவே அளந்துகொண்டிருக்கும் சிக்னல் பலமே போதுமானதாக இருந்தது.

இதைவிடச் சோம்பேறித்தனமான வழி ஒன்றும் இருக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராயப்பட்டது. சதுரங்களைத் தற்செயலாக மாற்றிக்கொண்டே இரு, அந்தக் கணத்தில் கதிர் யார் மேல் நன்றாக விழுகிறதோ அவருக்கு அப்போது தரவை அனுப்பு. ஆயிரம் பேர் கூடும் பஸ் நிலையத்துக்கு அது பொருந்தும், யாராவது ஒருவர் எப்போதும் கதிருக்குள் இருப்பார். பன்னிரண்டு குடும்பங்கள் உள்ள லயத்துக்கு அது சரிவராது.

லயத்துக்கு இவற்றையெல்லாம்விட ஒரு வசதி இருக்கிறது. கோபுரமும் நகராது, வீடும் நகராது. கொழும்பில் நடந்துகொண்டும் காரில் போய்க்கொண்டும் பேசுபவரைக் கதிர் துரத்த வேண்டும். இங்கே ஒரு தடவை அளந்து, ஒவ்வொரு காம்பராவுக்கும், பிள்ளைக்காம்பராவுக்கும், கோயிலுக்கும் உரிய நிலைகளைக் கணித்து ஓர் அட்டவணையாகச் சேமித்துவிடலாம். 64 கதிர்கள் போதும் என்று வைத்தால், புதிதாக வந்த ஒருவரைத் தேடவும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போகலாம்: முதலில் 32 கதிரின் அகலத்தை மூடும் அகலக் கதிர், பிறகு 16, பிறகு 8. ஆறு படியில் வீடு கிடைத்துவிடும். திறமையான கதிர் திருப்பல் என்று ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் பக்கமாக எழுதும் விடயத்தின் மிகச் சுலபமான வடிவம் தோட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுகள் எல்லாம் மாநகரத்துக்கும் தொழிற்சாலைக்கும்தான் நடக்கின்றன. ஜப்பானின் டொக்கோமோ நிறுவனம் 2020இல் ஏஜிசி கண்ணாடி நிறுவனத்தோடு சேர்ந்து ஒளி ஊடுருவும் பலகையை 28 கிகாஹேர்ட்ஸில் சோதித்தது, யன்னலில் பொருத்துவதற்காக. அந்த மீடிறனில் நமது மழை பெய்தால் அலையே கரையும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நமக்குத் தேவை 900, 1800 போன்ற தாழ்ந்த மீடிறன்கள். அவற்றை மழை அவ்வளவாகப் பாதிக்காது, பலகை மட்டும் பெரிதாகும்.

மின்சாரம் பெரிய பிரச்சினை அல்ல. 1600 டயோட்டும் சேர்ந்து ஓர் எல்ஈடி பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். ஒரு சோலர் தகடும் பற்றரியும் போதும். நான் கவலைப்படுவது ஈரம், துரு, பாசி, மின்னல், குரங்கு ஆகியவற்றை நினைத்துத்தான். இவற்றை ஆய்வுகூடச் சோதனை காட்டாது.

அனர்த்த நாளுக்கு இந்தப் பலகையில் இன்னொரு பயன் உண்டு. எனது பார்வையில் அதுவே முதன்மையானது. குறுஞ்செய்திக்கு வீடியோவைவிட மிகக் குறைந்த சிக்னல் போதும். சாதாரண நாளில் ஒடுங்கிய கதிர் வீடு வீடாகத் தாவட்டும். சிவப்பு எச்சரிக்கை வந்ததும் சதுரங்களின் ஒழுங்கை மாற்றிக் கதிரை 60 மீற்றருக்கு விரித்துவிட்டால், பலம் நான்கில் ஒன்றாகக் குறையும், ஆனால் லயம் முழுவதையும் ஒரே நேரத்தில் மூடும். எல்லா ஃபோனும் ஒரே நேரத்தில் சத்தமிடும். இரும்புத் தகட்டால் இதைச் செய்ய முடியாது.

ஆனால் கோபுரமே அணைந்துவிட்டால் கண்ணாடியால் பயனில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மின்சாரமும் இணைப்புக் கம்பிகளும் அறுந்து எத்தனையோ கோபுரங்கள் ஊமையாகின. பலகைக்கு முன்னால் கோபுரத்தின் பற்றரியையும் ஜெனரேற்றரையும் பற்றிக் கேட்க வேண்டும்.

ஆர்ஐஎஸ்ஸை விடச் சிறிய ரிலே நல்லது என்ற வாதமும் உண்டு. சிக்னலை வாங்கிப் பெருப்பித்து மறுபடி அனுப்பும் சிறு பெட்டிதான் ரிலே. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எமில் பியோர்ன்சனும் சகாக்களும் காட்டியபடி, ரிலேயை வெல்ல வேண்டுமானால் பலகையில் பல நூறு சதுரங்களாவது வேண்டும். உலகத் தொலைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பும் தனது 18ஆவது வெளியீட்டில் கோபுரத்தின் கட்டளைப்படி கதிரைத் திருப்பும் ரிலேயைத்தான் சேர்த்தது, ஆர்ஐஎஸ்ஸைப் பிந்தி வைத்தது. ஐரோப்பாவின் எற்சி நிறுவனம் 2021இல் ஆர்ஐஎஸ்ஸுக்கென்று ஒரு குழு அமைத்தது. இன்று ஒரு தோட்டத்துக்கு என்ன கேட்கலாம் என்று என்னிடம் கேட்டால், முதலில் முகட்டில் சோலரில் ஓடும் ஒரு ரிலே என்றே சொல்வேன். பலகையை, பல்கலைக்கழகம் ஒன்று தனது ஆய்வுக்கு ஏற்ற இடமாக ஒரு லயத்தைத் தெரிவுசெய்தால், இரு கையாலும் வரவேற்பேன். கடையில் வாங்கிய பூஸ்டரை அனுமதியில்லாமல் பொருத்த வேண்டாம். அது கோபுரத்துக்கே இடைஞ்சல் செய்து பக்கத்து ஊரின் சிக்னலையும் கெடுக்கும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

போரைக் கண்ட நம்மவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி: இந்தப் பலகை நம்மை வேவு பார்க்குமா? பலகைக்குக் காது இல்லை, பேச்சை அது கேட்காது. ஆனால் கதிர் எந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது என்ற பதிவு கட்டுப்பாட்டுக் கணினியில் இருக்கும். பதினைந்து மீற்றர் துல்லியத்தில் ஒருவர் இருக்கும் இடம் என்றும் அதை வாசிக்கலாம். கதிரைத் திருப்பிவிடுபவருக்கு அதை வேறு பக்கம் திருப்பி ஒரு லயத்தை இருட்டாக்கவும் முடியும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை ஒரு கட்டளையால் மூடியதைப் பார்த்த நாட்டில், அந்தப் பிடி யாரிடம் இருக்கும், பதிவு எத்தனை நாள் வைக்கப்படும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பிடி என்றதும் நிலத்தையும் சொல்ல வேண்டும். 2021இல் 'கமட்ட சன்னிவேதனய' என்ற பெயரில் கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் திட்டத்தை அரசாங்கம் ஆரம்பித்தது இரத்தினபுரி மாவட்டத்தில்தான். கோபுரங்கள் வந்தன, பல கிராமங்களுக்கு நன்மை கிடைத்தது. ஆனால் சேவை வரைபடம் கணினி மாதிரியால் நிறம் பூசப்படுவது. மலை மடிப்புக்குள் இருக்கும் ஒரு லயம் அந்த நிறத்துக்குள் மறைந்துவிடும். கிராமத்தவர் ஒருவர் தன் காணியில் கோபுரத்துக்கு இடம் கொடுத்து வாடகை வாங்கலாம். லயத்தில் இருப்பவருக்கு ஒரு கம்பம் நடக்கூடக் கையெழுத்திடும் உரிமை இல்லை. நிலம் அரசினுடையது, 1992 முதல் கம்பனிகளின் கையில். இருநூறு வருடம் மலையைக் கட்டியெழுப்பியவர்களின் பிள்ளைகள், எதிர்மலைச் சரிவில் பத்துச் சதுர மீற்றருக்குக் கம்பனியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது 'சிக்னல் இல்லை' என்று எழுதினால் 'வரைபடத்தில் இருக்கிறது' என்ற பதில் வரும். எண்களோடு எழுதுங்கள். ஃபோனின் செற்றிங்ஸில் 'எபவுட் ஃபோன்', அதற்குள் 'சிம் ஸ்ரேற்றஸ்' என்று போனால் சிக்னல் பலம் கழித்தல் குறியோடு ஓர் எண்ணாகத் தெரியும். 4ஜியில் -85 நல்லது, -100 சமாளிக்கலாம், -115க்கு அப்பால் கோல் அறும். லயத்தின் ஒவ்வொரு தொங்கலிலும், பிள்ளைக்காம்பராவிலும், காலை, மாலை, மழை நேரம் என்று ஒரு வாரம் கொப்பியில் குறியுங்கள். ஏஎல் படிக்கும் ஒரு பிள்ளை இதைச் செய்யலாம். பிறகு எதிர்மலையில் ஏறி, ஓர் இடத்தில் நின்றபடி கோபுரத்தின் உச்சியும் லயத்தின் கூரையும் இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தேடுங்கள். ரிலேயோ பலகையோ, வைக்க வேண்டிய இடம் அதுதான். அதையும் ஒரு படம் எடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். மாமாவின் தோட்டத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது, பழைய பீலிக்கு மேலே, இரண்டு பலா மரங்களுக்கு நடுவில். பேத்தி கொப்பி தொடங்கியிருக்கிறாள். முதல் வாரத்தில் கோடி வீட்டின் எண் -119.